பிள்ளையோடு தாயையும் எடை பாருங்கள்

தமிழ்நாடு மக்கள் நல்வாழ்வுத் துறை அலுவலர்களுக்கு,

வணக்கம். என் மகளுக்கு 14ஆவது வாரத் தடுப்பூசி போட்ட அன்று, செவிலியர் அவளைத் தராசில் கிடத்தி, 5 கிலோ 900 கிராம் என்று அட்டையில் குறித்துவிட்டு, "நல்லா ஏறியிருக்கா" என்றார். அதே அட்டையில் கர்ப்ப காலம் முழுவதும் மாதந்தோறும் எழுதப்பட்ட என் எடை, பிரசவத்துக்கு முந்தைய வாரத்தோடு நின்றுபோயிருந்தது. எனக்கும் பார்க்கச் சொன்னேன். "உங்களுக்கு எதுக்கும்மா?" என்று கேட்டபடியே அடுத்த குழந்தையைக் கையில் வாங்கிக்கொண்டார். அவர்மீது எனக்கு வருத்தமில்லை. வரிசை வாசல்வரை நின்றது.

பால் கொடுத்தால் உடம்பு தானே இளைத்துவிடும் என்று கர்ப்பிணிகளிடம் உறுதி கூறப்படுகிறது. பாதிதான் உண்மை. பால் சுரப்பதற்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 500 கலோரி செலவாகிறது என்பது சரியே; ஆனால் அந்தச் செலவுக்கேற்பப் பசியும் எடுக்கிறது, இரவுத் தூக்கம் துண்டு துண்டாகிறது, போதாக்குறைக்கு நெய் மிதக்கும் லேகியமும் "பச்சை உடம்பு, அசையாதே" என்ற கண்டிப்பும் வீட்டில் காத்திருக்கின்றன. பிரசவத்தோடு குழந்தை, நஞ்சுக்கொடி, பனிக்குட நீர் என ஐந்தாறு கிலோ இறங்கிய பின், ஒருத்திக்கு எடை மெல்லக் குறைகிறது, ஒருத்திக்கு அப்படியே நிற்கிறது, இன்னொருத்திக்கு ஏறவும் செய்கிறது.

வாக்களித்தபடி இளைக்காதபோது பெண் தன்னைத்தான் நொந்துகொள்கிறாள். என் உறவுப் பெண் ஒருத்தி மூன்றாம் மாதத்தில் இராச்சோற்றை நிறுத்தினாள். சோர்ந்து போனவள், பால் போதவில்லை என்று தானே முடிவுகட்டி டப்பாப் பாலுக்கு மாறிவிட்டாள். முதல் ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும் என்று சுவரில் எழுதுகிறோமே, அந்த மாதங்களில் தாய்க்கு நாளுக்கு 600 கலோரி கூடுதலாக வேண்டும் என்னும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் பரிந்துரையை அவளிடம் யாரும் சொல்லவில்லை. பிரசவத்துக்குப் பிறகு ஓராண்டுக்குள் சிலருக்குத் தைராய்டு அழற்சி வந்து எடை முதலில் சரிந்து பின்னர் ஏறுவதும் உண்டு. அதையும் "பிள்ளை பெத்த உடம்பு" என்றே வீட்டார் ஒதுக்கிவிடுகிறார்கள்.

ஆகவே, தடுப்பூசிக்கு வரும் 6, 10, 14ஆவது வாரங்களிலும் ஒன்பதாம் மாதத்திலும் தாயின் எடையையும் குறிக்க ஆணையிட வேண்டுகிறேன். இளைப்பதற்காகப் பால் கொடுக்கச் சொல்வதையும் நிறுத்துங்கள். புதிய கருவி எதுவும் வாங்க வேண்டியதில்லை. கர்ப்பிணியாக நான் ஏறி நின்ற எந்திரம் அதே அறையின் மூலையில், அட்டைப்பெட்டிகளைச் சுமந்துகொண்டு இருந்தது.

இப்படிக்கு,
பாலூட்டும் தாய் ஒருத்தி