புல் வெட்டும் மெஷின் வாங்கும் முன் கேட்டிலிருந்து பின்பக்கம் வரை அளந்து பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சிலாங்கூர், பெஸ்தாரி ஜெயாவிலிருந்து எழுதுகிறேன். பத்தாங் பெர்ஜுந்தை என்று சொன்னால்தான் பழைய ஆட்களுக்குப் புரியும். தோட்டத்தை விட்டு வந்த பிள்ளைகள் சிலர் இங்கே தாமான்களில், அதாவது வீடமைப்புப் பகுதிகளில், புல் வெட்டும் வேலையில் இறங்கியிருக்கிறார்கள், நல்ல விஷயம்தான், ஆனால் என்னிடம் வருகிறவர்கள் எல்லாரும் கேட்பது ஒரே கேள்வி: "அண்ணே, பெரிய மெஷினா வாங்கிட்டா வேலை சீக்கிரம் முடிஞ்சிடும்ல?"

கணக்குப் போட்டால் முடியும்தான். 20 அடி அகலப் புல்தரையை, ஒவ்வொரு நடையும் முந்தைய நடையின் மேல் மூன்று அங்குலம் படும்படி வெட்டினால், 21 அங்குலம் அகலமாக வெட்டும் மெஷினுக்கு 14 நடை, 30 அங்குலத்துக்கு 9 நடை. இந்தக் கணக்கை நம்பித்தான் நானும் பழைய 30 அங்குல மெஷின் ஒன்றை வாங்கினேன், இரண்டு பிளேடு, தானே ஓடும் வகை. முதல் நாளே டெரஸ் வரிசையின் ஒரு கார்னர் வீட்டில் மாட்டிக்கொண்டேன். கேட் என்னவோ அகலம்தான், ஆனால் போர்ச்சில் கார் நிற்கிறது, காருக்கும் சுவருக்கும் நடுவில் இரண்டரை அடி, அதையும் தாண்டினால் பக்கத்துச் சந்தில் கேஸ் தோம்பு, செருப்பு ரேக், அந்த வீட்டு அம்மாவின் துளசித் தொட்டி. வெட்டும் அகலம்தான் 30 அங்குலம், மெஷினின் உடம்பு அதைவிடக் கூடுதல். பின்பக்கத்தை முழுக்க முதுகில் மாட்டி நைலான் கயிற்றால் வெட்டும் மெஷினால்தான் முடித்தேன், அந்தக் கயிறு ஒரு கல்லைத் தெறிக்க விட்டு, நல்ல வேளை, கார் கண்ணாடியில் படவில்லை.

அதனால் டெரஸ் வீடுகளுக்கு நான் சொல்வது 21 அங்குலம்தான், ஆனால் கமர்ஷியல் வகையாகப் பாருங்கள். வீட்டுக்காரர் வாரம் ஒருமுறை தள்ளும் மெஷினை நாம் நாளுக்கு ஆறு வீடு தள்ளினால் முதலில் சக்கரம் ஆடும், அப்புறம் பிளேடை மூடியிருக்கும் தகடு துருப்பிடித்து ஓட்டை விழும். சக்கரத்தில் பேரிங் இருக்கிறதா, தகடு தடிமனா என்று கையால் தட்டிப் பாருங்கள். இஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போதே பிளேடை மட்டும் நிறுத்தும் கிளட்ச் இருந்தால் இன்னும் நல்லது, பூந்தொட்டியை நகர்த்தப் போகும்போதெல்லாம் இஞ்சினை அணைத்து மறுபடி ஸ்டார்ட் கயிறு இழுக்க வேண்டாம். ஹோண்டா ஜிஎக்ஸ்வி160 மாதிரி, எந்தக் கடைக்காரருக்கும் பழகிய இஞ்சினாக இருந்தால் பார்ட்ஸுக்கு அலைய வேண்டாம். 100 மணி நேரத்துக்கு ஒருமுறை எண்ணெய் மாற்றச் சொல்வார்கள், நாளுக்கு ஐந்து மணி நேரம் ஓடினால் அது 20 நாள்தான், ஆறு மாதம் இல்லை. பேட்டரி மெஷினுக்குச் சத்தம் குறைவு, சரி, ஆனால் ஒரு பேட்டரியில் ஆறு வீடு ஓடாது, கூடுதல் பேட்டரி விலையையும் சேர்த்துப் பாருங்கள்.

மத்தியான மழைக்குப் பிறகு மாட்டுப் புல்லை, அதாவது இங்கே வீட்டு முன் போடும் அகல இலைப் புல்லை, வெட்டினால் மெஷினின் அடியில் சோறு மாதிரி அப்பிக்கொள்ளும். மெஷினைச் சாய்த்து மரக்கட்டையால் சுரண்டிவிடுங்கள், முதலில் ஸ்பார்க் பிளக் வயரைக் கழற்றிவிட்டு. ஏர் ஃபில்டர் மேல் பக்கம் இருக்கும்படி சாய்க்க வேண்டும், இல்லையென்றால் அதில் எண்ணெய் இறங்கி மறுநாள் ஒரே புகை.

சில வீட்டுக்காரர்கள் "மொட்டை அடிச்சிடு தம்பி, அடுத்த மாசம் வந்தா போதும்" என்பார்கள். கேட்காதீர்கள். இரண்டு அங்குலமாவது விட்டு வெட்டுங்கள், மஞ்சளாகிப் போனால் பழி நம் தலையில்தான்.

அந்த 30 அங்குல மெஷினை நான் விற்கவில்லை. கோயில் திடலுக்கு மட்டும் எடுத்துப் போகிறேன், அங்கே கேட்டே கிடையாது.

இப்படிக்கு,
புல் வெட்டும் வாசகர்,
பெஸ்தாரி ஜெயா