‘ஷவுட்டர்’ என்ற சொல்லை யார் வைத்தது? கரீபிய வரலாற்றைத் தமிழாக்குவோருக்கு ஒரு திறந்த மடல்

மொழிபெயர்ப்பாளர்களுக்கும், அவர்களின் பக்கங்களைத் திருத்தும் ஆசிரியர்களுக்கும்,

வணக்கம். கரீபியக் கறுப்பின மக்களின் சமயம் பற்றித் தமிழில் வரும் எழுத்துகளில் சில சொற்கள் திரும்பத் திரும்பத் தவறுகின்றன. அகராதியில் பொருள் சரியாகவே இருக்கும். ஆனால் அந்தப் பெயரை வைத்தவர் யார் என்பதை அகராதி சொல்லாது.

டிரினிடாடில் அடிமைத்தளை 1838-இல் முழுதாக அறுந்தது. ஏறத்தாழ எண்பது ஆண்டு கழித்து, 1917-இல், ‘ஷவுட்டர்’ தடைச் சட்டம் வந்தது. ஆங்கிலத்தில் ‘கூச்சலிடுபவர்’ என்று பொருள்படும் இது வெளியார் வைத்த பெயர். தலையில் துணி கட்டி, மணி அடித்து, மெழுகுவத்தி ஏற்றி, தரையில் சுண்ணக்கட்டியால் குறிகள் வரைந்து, பரிசுத்த ஆவி இறங்கும்போது உடல் குலுங்க வழிபட்டவர்கள்மேல் அது பாய்ந்தது. இரண்டு பேர் கூடினாலே கூட்டம். நடந்தது ‘ஷவுட்டர்’ வழக்கமா என்பதில் மாஜிஸ்திரேட் சொல்வதே முடிவு. அவர்கள் தங்களை வேறு எந்தப் பெயரால் அழைத்துக்கொண்டாலும் சரி. இது சட்டத்திலேயே எழுதியிருந்த விதி! அவர்களை நாம் ‘கூச்சலிடுவோர்’ என்று எழுதினால் அந்த விதியைத் தமிழில் அமல்படுத்துகிறோம்.

ஆகவே உங்கள் நடையில் பேசும்போது ‘ஆவிக்குரிய பாப்திஸ்துகள்’ (Spiritual Baptists) என்று எழுதுங்கள். ‘ஆவிக்குரிய’ என்பது தமிழ்ச் சபைகளில் ஏற்கெனவே புழங்கும் சொல்தான். முதல் தடவை மட்டும் ‘பரிசுத்த ஆவி’ என்று விரித்துவிட்டால் யாரும் பேய் என்று எண்ணமாட்டார்கள். சட்டத்தின் பெயர் வரும் இடத்தில் ‘ஷவுட்டர்’ என ஒலிபெயர்த்து மேற்கோள் குறிக்குள் போடுங்கள். சட்டம் 1951 மார்ச் 30-இல் நீங்கியது. 1996 முதல் அந்த நாள் அங்கே பொதுவிடுமுறை. விடுமுறையின் பெயரிலும் ‘ஷவுட்டர்’ இருக்கிறது. இங்கே மேற்கோள் குறி வேண்டாம், வசைச்சொல்லை அவர்களே எடுத்துச் சூடிக்கொண்டார்கள்.

இவர்களின் ‘மோர்னிங்’ (mourning) சடங்கை ‘துக்கம் அனுசரித்தல்’ என்று பெயர்த்தால் கதையே மாறிவிடும். அங்கே யாரும் சாகவில்லை. கண்ணைத் துணியால் கட்டி, தனியறையில் பல நாள் உபவாசமும் ஜெபமுமாகக் கிடந்து, தரிசனம் பெற்று எழுவது அது. ‘உபவாசத் தனிமை’ என்றால் பொருந்தும்.

அடுத்தது ‘ஒபியா’ (obeah), கரீபியக் கறுப்பின மக்களிடையே ஆப்பிரிக்க வழிவந்த மறைசக்தி வழக்கங்களின் பெயர். இதைப் ‘பில்லிசூனியம்’ என்பது வழக்கமாகிவிட்டது. மூலிகை வைத்தியம், காப்பு, தீங்கை விலக்கல் எல்லாம் அந்த ஒரு சொல்லுக்குள் அடக்கம். ஜமைக்காவில் டாக்கி தலைமையில் அடிமைகள் கிளர்ந்த 1760-இலேயே அதற்கு எதிரான முதல் சட்டம் பிறந்தது. அடிமைமுறை போனபின்னும் சட்டம் போகவில்லை, 1898-இல் புதிதாக எழுதப்பட்டது. அதன் வரையறையை வெட்டாமல் பெயர்க்க வேண்டும்: மோசடிக்கோ, சட்டவிரோத நோக்கத்துக்கோ, ஆதாயத்துக்கோ, ஒருவரை அச்சுறுத்தவோ மறைசக்தியைப் பயன்படுத்துபவர், ‘அல்லது பயன்படுத்துவதாகப் பாசாங்கு செய்பவர்’. பலர் இந்தப் பாசாங்கை விட்டுவிடுகிறார்கள். சட்டத்தின் முழுச் சூட்சுமமும் அதில்தான் இருக்கிறது. சக்தி உண்டா இல்லையா என்று நீதிமன்றம் கேட்கவே தேவையில்லாமல் போனது அதனால்தான். ‘ஒபியாக் கருவி’ ஒன்று கையில் அகப்பட்டாலே குற்றம் செய்ததாகக் கொள்ளப்படும். இல்லை என்று நிரூபிப்பது அவர் பாடு.

கடைசியாக, ‘டீக்கன்’, அதாவது சபைப் பணிகளில் உதவும் பொறுப்பாளர். 1831 கிறிஸ்துமஸை ஒட்டி ஜமைக்காவில் வேலைநிறுத்தத்துக்கு ஆள் திரட்டிய சாமுவேல் ஷார்ப்பும், 1865 அக்டோபர் 11 அன்று மொராண்ட் பே நீதிமன்றத்துக்கு ஊர்வலம் நடத்திப்போன பால் போகிலும் பாப்திஸ்து டீக்கன்கள். இருவரும் தூக்கிலிடப்பட்டார்கள். ‘உதவிப் பாதிரியார்’ என்று எழுதினால் அவர்களுக்கு அங்கி மாட்டிவிடுகிறோம். பழைய தமிழ் வேதாகமத்தின் ‘உதவிக்காரர்’ என்ற சொல் போதும். சபையார் நடுவிலிருந்தே எழுந்த ஆட்கள் என்பது அதில் தெரியும்.

அச்சுக்குப் போகும் முன் பிரதியில் ‘கூச்சல்’, ‘சூனியம்’, ‘துக்கம்’, ‘பாதிரியார்’ என்ற நான்கையும் தேடிப் பாருங்கள். அகப்படும் ஒவ்வோர் இடத்திலும் பேசுவது போலீஸா, சபையா என்று பார்த்துவிட்டுத் திருத்துங்கள்.