லேப் அம்மணிக்கு

ஈரல் சுருங்கி வயிற்றில் கோத்த தண்ணீரில் தொற்று வந்து ஆஸ்பத்திரியில் இருந்த அப்பா நேற்று வீட்டுக்கு வந்துவிட்டார். வந்ததும் வராததுமாக உப்பில்லாத ரசத்துக்கு அம்மாவிடம் சண்டை. அந்தச் சத்தம் காதுக்கு அவ்வளவு இதமாக இருக்கிறது. என்ன ஆச்சு, ஏது ஆச்சு என்பது எல்லாருக்கும் தெரியும், திரும்ப எழுதத் தெம்பில்லை.

நோம்பி லீவன்று ராத்திரி லேபில் இருந்த அம்மணிக்குத்தான் முதலில் சொல்ல வேண்டும். அப்பா வயிற்றிலிருந்து ஊசியில் எடுத்த தண்ணீர் டியூபோடு நான் வந்தபோது நீங்கள் பையைத் தோளில் மாட்டிவிட்டீர்கள். காலையில் பார்ப்பாங்க, வெச்சுட்டுப் போங்க என்றிருந்தால் நானும் சரிங்க என்று திரும்பியிருப்பேன், எனக்கென்ன தெரியும்? நீங்கள் டியூபை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தீர்கள். "கலங்கலா இருக்குதுங்ண்ணா, விட்டுவெச்சா செல்லு செதஞ்சுரும், எண்ணிக்கை தப்பா வரும்" என்று பையைக் கழற்றி நாற்காலியில் மாட்டினீர்கள். மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்து, எண்ணும் கருவியைத் தட்டித் தட்டி எண்ணினீர்கள். நியூட்ரோபில் என்கிற வெள்ளையணு ஒரு கன மில்லிமீட்டருக்கு 250ஐத் தொட்டாலே தொற்று என்று வைத்து, கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சருக்குக் காத்திராமல் மருந்தைத் தொடங்கிவிடுவார்களாம். அப்பாவுக்கு ஆயிரத்தைத் தாண்டியிருந்தது. வார்டில் போனை யாரும் எடுக்கவில்லை என்றதும் சீட்டோடு நீங்களே மாடியேறிப் போய் டூட்டி டாக்டர் கையில் கொடுத்தீர்களே, அதனால்தான் அன்றைக்கு ராத்திரியே ஊசி மருந்து ஏறியது. விடியும்வரை விட்டிருந்தால் கிட்னியையும் சேர்த்து இழுத்திருக்கும் என்று பெரிய டாக்டர் மறுநாள் சொன்னார். உங்களுக்கோ கடைசி பஸ்ஸும் போய், அண்ணன் பைக்கில் வந்து கூட்டிப்போனதாகக் கேள்விப்பட்டேன்.

அப்புறம் டாக்டர்கள், சிஸ்டர்கள், நரம்பில் ஏற்றும் ஆல்புமின் என்கிற புரத மருந்து பாட்டில்களுக்காக (முதல் நாளே அப்பா எடைக்கு ஐந்து, மூன்றாம் நாள் மறுபடி மூன்று, விலை கேட்டால் தலை சுற்றும்) ஈரோடு முழுக்க மருந்துக்கடை ஏறி இறங்கிய மாப்பிள்ளை, எப்போது தருவாய் என்று கேட்காமல் பணம் எடுத்துக் கொடுத்த மஞ்சள் மண்டிக்காரர், எங்கள் எருமைகளுக்குத் தட்டுப் போட்டுப் பாலையும் கறந்து சொசைட்டிக்கு ஊற்றிய பக்கத்துத் தோட்டத்து அக்கா, எல்லாருக்கும் நன்றிங்க. குடிக்காத மனுசனுக்கு எப்படி ஈரல் சுருங்கும் என்று விசாரித்தவர்களுக்கும் நன்றிதான். சுருங்கும், சர்க்கரையும் ஈரல் கொழுப்பும் போதும்.

தொற்று வந்தபோது அப்பாவுக்குக் காய்ச்சலே இல்லை. பகலெல்லாம் தூக்கம், ராத்திரி முழிப்பு, பேச்சு கொஞ்சம் தடம் மாறியது, அவ்வளவுதான். ஒருமுறை வந்தவருக்கு மறுபடி வரலாம் என்று தினமும் ஒரு மாத்திரை எழுதியிருக்கிறார்கள், அது ஒரு வேளையும் தவறாமல் பார்த்துக்கொள்வது என் பொறுப்பு. இனி எப்போது தண்ணீர் எடுத்தாலும், வலி இல்லை என்று அவரே சொன்னாலும், செல் எண்ணிப் பாருங்க என்று கேட்காமல் வரமாட்டேன்.

அம்மணி, அடுத்த ரிவ்யூவுக்கு வரும்போது ஒரு குலை இளநீர் கொண்டு வருவோம். வேண்டாம்னு சொல்லிராதீங்க, எந்த மரத்தில் வெட்டுவது என்று அப்பா இப்பவே பார்த்து வைத்துவிட்டார்.