சூரியனை எங்கள் வகுப்பறைச் சுவருக்குக் கொண்டுவந்தவர்களுக்கு நன்றி மடல்

பெருமதிப்பிற்குரியோர் அனைவருக்கும் வணக்கம்.

ஆறாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரையிலான எங்கள் பிள்ளைகளுக்குச் சூரியனைப் பற்றியும், புதனும் வெள்ளியும் அதன் முகத்தைக் கடந்து செல்லும் நிகழ்வைப் பற்றியும் கற்பிப்பதற்காக ஓராண்டாகச் சேர்த்துவந்த துணைக்கருவிகள் யாவும் இப்போது முழுத் தொகுப்பாக ஆய்வக அலமாரியில் வந்து சேர்ந்துவிட்டன. அவற்றில் பெரும்பாலானவை உங்கள் கைகளால் உருவானவை. யாரும் தம் பெயரை எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொண்டீர்கள்; ஆனால் நீங்கள் செய்ததை ஊர் அறியச் சொல்லாமல் இருக்க என் மனம் ஒப்பவில்லை.

முதல் நன்றி எங்கள் தெருத் தச்சர் ஐயாவுக்கு. மணல் நிரப்பிய நெகிழிப் பந்தின் மேல் சிறு கண்ணாடித் துண்டை ஒட்டி, ஒரு சென்டிமீட்டர் அளவுக்கு மட்டும் திறப்பு விட்டு மற்றதைக் கறுப்புத் தாளால் மூடி, அந்தப் பந்தை எந்தப் பக்கம் திருப்பினாலும் அசையாமல் நிற்கும்படி சும்மாடு போன்ற ஒரு மர வளையத்தை அவர் கடைந்து கொடுத்தார். முற்றத்தில் அதை வைத்துச் சூரிய ஒளியைத் திருப்பி, 22 மீட்டர் தொலைவில் சன்னல்களை அடைத்து இருட்டாக்கிய வகுப்பறைச் சுவரில் விழச் செய்தபோது, ஏறத்தாழ 20 சென்டிமீட்டர் அகலத்தில் சூரியன் வெள்ளை வட்டமாக வந்து நின்றது. நின்றது என்று சொல்வதும் சரியில்லை. பிள்ளைகள் பென்சிலால் அதன் விளிம்பை வரைந்து முடிப்பதற்குள் அது நகரத் தொடங்கி, இரண்டே நிமிடத்தில் வரைந்த வட்டத்தை விட்டு முழுவதுமாக வெளியேறிவிட்டது. பூமி சுழல்கிறது என்று பாடநூலில் படித்தவர்கள், அது சுழலும் வேகத்தைச் சுவரில் பார்த்தார்கள். பிறகு தொலைவை அகலத்தால் வகுத்து 110 என்ற எண்ணைப் பெற்று, சூரியன் இருக்கும் 15 கோடி கிலோமீட்டரை அந்த எண்ணால் வகுத்து, அதன் விட்டம் ஏறக்குறைய 13.6 லட்சம் கிலோமீட்டர் என்று ஏழாம் வகுப்பு மாணவி ஒருத்தி கரும்பலகையில் எழுதினாள். உண்மை அளவு 13.9 லட்சம். ஒரு பந்தும் கண்ணாடித் துண்டும் அளவு நாடாவும் கொண்டு எட்டிய விடை அது.

அடுத்து எங்கள் தமிழாசிரியர் ஐயாவுக்கு. இந்த நிகழ்வை எந்தச் சொல்லால் அழைப்பது என்பதில் நான் வெகுநாள் தடுமாறினேன். ‘பெயர்ச்சி’ என்று சொன்ன அன்றே, “சனிப்பெயர்ச்சி மாதிரியா டீச்சர், எந்த ராசிக்கு நல்லது?” என்று பிள்ளைகள் கேட்டுவிட்டார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. வீட்டில் கேட்டுப் பழகிய சொல் அது. ஐயாதான் ‘சூரியக் கடப்பு’ என்பதை நிலைநிறுத்தி, செயல்பாட்டுத் தாள்கள் அனைத்தையும் வரிவரியாகத் திருத்தித் தந்தார். 1874 டிசம்பர் 9 அன்று நிகழ்ந்த வெள்ளிக் கடப்பை மக்களுக்கு விளக்குவதற்காக, சென்னை வானாய்வகத்தில் பணியாற்றிய சிந்தாமணி இரகுநாதாச்சாரி கன்னடம், உருது உள்ளிட்ட மொழிகளில் சிறு நூல் வெளியிட்டார் என்பதையும் அவரே எங்களுக்கு எடுத்துச் சொன்னார். தாய்மொழியில் வானியல் சொல்ல முனைந்தவர்கள் எங்களுக்கு முன்பே இருந்தார்கள் என்பது பெரிய தெம்பாக இருந்தது.

தையல் கடை அக்கா கொடுத்த இரண்டு எம்பிராய்டரி வளையங்கள் ஒரு பெரிய கேள்வியைத் தீர்த்தன. வெள்ளி ஏறத்தாழ 19 மாதங்களுக்கு ஒரு முறை நமக்கும் சூரியனுக்கும் இடையே வருகிறது என்றால் அப்போதெல்லாம் கடப்பு ஏன் நிகழ்வதில்லை? பூமியின் பாதையாக வைத்த வளையத்துக்குள் வெள்ளியின் பாதையாக மற்றொன்றைச் சற்றே சாய்த்துப் பிடித்ததும், இரண்டு இடங்களில் மட்டுமே அவை ஒரே தளத்தில் சந்திப்பதைப் பிள்ளைகள் விரலால் தொட்டுக் காட்டினார்கள். அந்த இடங்களை ஒட்டி வெள்ளி இடையே வந்தால்தான் கடப்பு. பூமியின் பாதையிலிருந்து வெள்ளியின் பாதைச் சாய்வு 3.4 பாகை, புதனுக்கு 7 பாகை.

சத்துணவுக்கூடத்து அம்மா தந்தது ஒரு கைப்பிடி மிளகும் கேழ்வரகும். சுவரில் வரைந்த 20 சென்டிமீட்டர் சூரியனில், கடப்பின்போது வெள்ளி மிளகளவுக்கும் புதன் கேழ்வரகு அளவுக்கும் தெரியும். “சூரியனுக்குக் குறுக்கே 109 பூமியை அடுக்கலாம்னு சொன்னீங்க, வெள்ளியும் பூமி அளவுதான், மிளகு பெருசா இருக்கே?” என்று ஒரு சிறுவன் கேட்டான். அந்தக் கேள்விக்காகவே இந்தத் தொகுப்பைச் செய்திருக்கலாம். வெள்ளி அப்போது நம்மிடமிருந்து நாலேகால் கோடி கிலோமீட்டர் தொலைவில்தான் இருக்கும் என்பதை அவனே கணக்கிட்டுக் கண்டுகொண்டான்.

கண் மருத்துவமனையில் பணியாற்றும் செவிலியர் அம்மையாருக்குத் தனியாக நன்றி சொல்ல வேண்டும். 2016 மே 9 அன்று, கோடை விடுமுறை மாலையில், புதன் கடப்பைக் காட்டுவதற்காக நான் வாங்கியிருந்த சிறு தொலைநோக்கியோடு, கண்ணருகு வில்லையில் திருகும் கறுப்புக் கண்ணாடி ஒன்றும் வந்திருந்தது. நல்ல வேளையாக முதலில் தாளில்தான் பிம்பத்தை வீழ்த்திச் சோதித்தேன். சில நிமிடங்களில் அந்தக் கண்ணாடி வெப்பத்தில் விரிசல் விட்டது. யாருடைய கண்ணும் அங்கே இல்லை என்பதை நினைத்தால் இன்றும் நடுக்கம் வருகிறது. விழித்திரைக்கு வலி தெரியாது என்பதையும், எக்ஸ்ரே படச்சுருளோ மஞ்சள் கரைத்த நீரோ பாதுகாப்பு ஆகாது என்பதையும் அம்மையார் பெற்றோர் கூட்டத்தில் வந்து பொறுமையாக விளக்கிய பிறகுதான், பந்துக் கண்ணாடியையும் தாளில் வீழ்த்தும் முறையையும் தவிர வேறு எதையும் பயன்படுத்துவதில்லை என்று விதி வைத்தோம்.

கொடைக்கானல் சூரிய ஆய்வகத்தில் நூறாண்டுக்கும் மேலாக நாள்தோறும் சூரியனைப் படமெடுத்துவந்த, நாங்கள் முகமறியாத தலைமுறைகளுக்கும் எங்கள் வணக்கம். எண்ணிமப்படுத்திப் பொதுவில் வைக்கப்பட்டுள்ள அந்தப் படங்களை அச்சிட்டுக் கொடுத்த கணினி மையத் தம்பி, எங்களிடம் தாளுக்குக்கூடக் காசு வாங்கவில்லை. அடுத்தடுத்த நாள்களின் படங்களில் ஒரே கரும்புள்ளி நகர்வதை வரைகட்டத்தாளில் குறித்து, சூரியனும் தன்னைத்தானே சுற்றுகிறது என்பதைப் பிள்ளைகள் கண்டார்கள்.

ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர் ஐயா எழுதித் தந்த இரண்டு பக்கக் கதையை இன்னும் கேட்கிறார்கள். பிரெஞ்சு வானியலாளர் லெ ஜான்தீல் 1761 வெள்ளிக் கடப்பைக் காணப் புதுச்சேரிக்குக் கப்பலேறி, ஊர் ஆங்கிலேயர் கைக்குப் போய்விட்டதால் நடுக்கடலிலேயே அதைக் கழிக்க நேர்ந்து, எட்டாண்டு காத்திருந்து 1769 ஜூன் 4 காலையில் புதுச்சேரியில் கருவிகளோடு நின்றபோது மேகம் மூடிய கதை அது. அங்கே தமிழ்க் கணிதர்கள் கிரகணம் கணிக்கும் முறையையும் அவர் கற்றுப் பதிவு செய்தார்.

தொகுப்பு வேண்டும் பக்கத்துப் பள்ளிகள் எங்களிடம் கேட்டு எடுத்துச் செல்லலாம். அடுத்த புதன் கடப்பு 2032 நவம்பர் 13, சனிக்கிழமை. நண்பகல் 12 மணிக்குச் சற்றுப் பின் தொடங்கி மாலை நாலரை மணிக்கு மேல் முடிவதால், முழுவதையும் நம் ஊரிலிருந்தே காணலாம். இன்றைய பிள்ளைகள் அன்று வளர்ந்து வெவ்வேறு ஊர்களில் இருப்பார்கள். வருவதாக இப்போதே சொல்லியிருக்கிறார்கள். தச்சர் ஐயா முதல் கணினி மையத் தம்பி வரை நீங்கள் அனைவரும் அன்று முற்பகலிலேயே பள்ளிக்கு வந்துவிட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

நன்றியுடன்,
அறிவியல் ஆசிரியை