கேன்டீன் வாடகையை விட்டுக்கொடுங்கள்: தனியார் பள்ளித் தாளாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாட்டுத் தனியார் பள்ளிகளின் தாளாளர்களுக்கு,

வணக்கம். முப்பத்தோரு வருடம் உங்களைப் போன்றவர்களிடம் சம்பளம் வாங்கியவன் நான். மூன்று ஊர், மூன்று பள்ளி. பிள்ளைகளுக்கு பி.டி. சார். ஓய்வு பெற்று இரண்டு வருடம் ஆகிறது. வாய் கொஞ்சம் நீண்டுவிட்டது. எந்தப் பள்ளியின் பெயரையும் இதில் எழுதப் போவதில்லை. படிக்கும்போது உங்கள் பள்ளி மாதிரியே இருக்கிறதே என்று தோன்றினால் அதற்கு நான் பொறுப்பில்லை.

ஒவ்வொரு வருடமும் ஜூன் கடைசியில் உயரம், எடை எடுப்போம். வகுப்பு வகுப்பாக வரிசையில் நிற்க வைத்து, பெயர் கூப்பிட்டு, ஒரு பையனை நோட்டோடு உட்கார வைத்து எழுதச் சொல்வேன். ஒரு வருடம் ஏழாம் வகுப்புப் பையன் ஒருவன், கூப்பிடக் கூப்பிடத் தானாகவே வரிசையின் கடைசிக்கு நகர்ந்துகொண்டே போனான். முறை வந்தபோது ஷூவைக் கழற்றினான். சரி, எல்லோரும் கழற்றுவதுதான். அப்புறம் பெல்ட்டைக் கழற்றினான். ஐ.டி. கார்டைக் கழற்றினான். வாட்ச். பாக்கெட்டிலிருந்து கர்ச்சீப்பையும் இரண்டு ஐந்து ரூபாய்க் காசையும் எடுத்து ஷூவுக்குள் போட்டான். ஏறி நின்று மூச்சை உள்ளே இழுத்துப் பிடித்துக்கொண்டான். முள் அதற்கெல்லாம் மசியவில்லை. எழுத உட்கார்ந்திருந்தவன் எண்ணைச் சத்தமாகப் படித்தான். வகுப்பே சிரித்தது. படிக்கச் சொன்னவன் நான்தான்.

அதற்கடுத்த வருடத்திலிருந்து ஒவ்வொருவராக அறைக்குள் கூப்பிட்டு, நானே பார்த்து நானே எழுதிக்கொண்டேன். அது ஒரு பெரிய திருத்தம் என்று நினைத்துப் பெருமைப்பட்டேன். ஆனால் வகுப்பே சிரித்த அன்றைக்கே இன்டர்வெல்லில் அதே பையன் கேன்டீன் ஜன்னலில் அந்த இரண்டு ஐந்து ரூபாய்க் காசை நீட்டிக்கொண்டு நின்றதையும் பார்த்தேன். அவனைச் சொல்லி என்ன? ஜன்னலுக்கு உள்ளே இருந்தது பப்ஸ், சமோசா, சிப்ஸ், கிரீம் பன், கலர் கலராகக் கூல்டிரிங்க். வேறு எதுவும் இல்லை. பசித்தவன் இருப்பதைத்தானே வாங்குவான்.

நான் சொல்வது ஒரு கிழவனின் புலம்பல் என்று தள்ளிவிட வேண்டாம். சென்னையில் 51 பள்ளிகளில் ஏறத்தாழ 19 ஆயிரம் பிள்ளைகளை அளந்து பார்த்த ஆய்வு ஒன்று 2014-ல் இந்தியன் பீடியாட்ரிக்ஸ் இதழில் வந்தது. அரசுப் பள்ளிகளில் அதிக எடையோ உடற்பருமனோ உள்ள பிள்ளைகள் 3.6 சதவீதம். தனியார் பள்ளிகளில் 21.4. ஏறக்குறைய ஆறு மடங்கு. வகுப்பில் நாற்பது பேர் என்றால் எட்டு அல்லது ஒன்பது பேர்.

இந்த வித்தியாசத்துக்கு எல்லாம் கேன்டீன்தான் காரணம் என்று சொல்ல நான் முட்டாள் இல்லை. வீட்டில் காசு இருக்கிறது, வண்டி இருக்கிறது, செல்போன் இருக்கிறது, ராத்திரி ஒன்பது மணிக்குப் பரோட்டாவை வாசலுக்கே கொண்டுவந்து தர ஆள் இருக்கிறது. அப்பா அம்மா பங்கு பெரிய பங்கு. ஆனால் காலை எட்டரை முதல் மாலை நாலு வரை, ஸ்பெஷல் கிளாஸ் இருந்தால் ஆறு வரை, பிள்ளை உங்கள் சுவருக்குள் இருக்கிறது. அந்த நேரத்துக்கு நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டும்.

அரசுப் பள்ளியில் மதியம் சத்துணவு, வாரம் ஐந்து நாளும் முட்டை. 2022 செப்டம்பரில் முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் வந்தபின் ஒன்று முதல் ஐந்து வரை படிக்கும் பிள்ளைகள் காலையில் சூடாக ஒரு பொங்கலோ கிச்சடியோ சாப்பிட்டுவிட்டு வகுப்பில் உட்காருகிறார்கள். உங்கள் பள்ளிப் பிள்ளை எப்படி வருகிறது? ஆறே முக்காலுக்கு வேன். வேனின் முதல் ஸ்டாப் என்றால் ஆறரை. அந்த நேரத்தில் எந்தப் பிள்ளைக்கு இட்லி இறங்கும்? அரை டம்ளர் பாலைக் குடித்துவிட்டு, வேனில் தலை தொங்கத் தூங்கிக்கொண்டு வருகிறது. பத்தே முக்காலுக்கு இன்டர்வெல் மணி அடிக்கும்போது அதன் வயிற்றில் ஒன்றுமே இல்லை. இருப்பது பத்து நிமிடம். அதில் ஒன்றுக்குப் போக வேண்டும், கேன்டீனில் முண்டியடிக்க வேண்டும், தின்று முடிக்க வேண்டும். அந்தப் பத்து நிமிடத்துக்கு என்றே அளவெடுத்துச் செய்த மாதிரி இருக்கிறது பப்ஸ். கையில் பிடித்துக்கொண்டு ஓடிக்கொண்டே தின்னலாம்.

காசு கட்டிப் படிக்கும் பிள்ளைக்கு வனஸ்பதியில் பிசைந்த மைதா, இலவசமாகப் படிக்கும் பிள்ளைக்குப் பருப்பும் முட்டையும். எனக்கு இதை நினைத்தால் சில நாள் சிரிப்பு வரும், சில நாள் வராது.

சட்டம் இல்லையா என்றால், இருக்கிறது. பள்ளிப் பிள்ளைகளுக்கான உணவு பற்றி, நாட்டின் உணவுப் பாதுகாப்பைக் கவனிக்கும் மத்திய ஆணையமான எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. 2020-ல் ஒரு தனி ஒழுங்குமுறையே வெளியிட்டது. கொழுப்பும் சர்க்கரையும் உப்பும் மிகுந்த பண்டங்களைப் பள்ளிக் கேன்டீனிலோ, விடுதிச் சமையலறையிலோ, பள்ளி வாசலிலிருந்து 50 மீட்டருக்குள்ளோ பிள்ளைகளுக்கு விற்கக் கூடாது. அவற்றுக்குப் பள்ளி வளாகத்தில் விளம்பரமும் கூடாது, இலவச சாம்பிளும் கூடாது. கேன்டீனை நீங்களே நடத்தினால் உங்களுக்கும், ஒப்பந்தத்துக்கு விட்டால் ஒப்பந்தக்காரருக்கும் பதிவோ உரிமமோ இருக்க வேண்டும்.

இதில் விளம்பர விஷயத்தில் என் கையும் சுத்தமில்லை. பல வருடம் முன்பு ஆண்டு விளையாட்டு விழாவுக்கு ஒரு சத்துப்பானக் கம்பெனிக்காரர்களை நான்தான் பேசிக் கூட்டிவந்தேன். நெஞ்சில் குத்தும் நம்பர் துணி, ஓடுபாதைக் கொடி, வெற்றி மேடை எல்லாம் அவர்கள் செலவு. ஆளுக்கு ஒரு சாஷே வேறு. நூறு மீட்டர் ஓடி வந்த பிள்ளையின் கையில் சர்க்கரைப் பொடியைக் கொடுத்து, ‘இது குடிச்சா இன்னும் வேகமா ஓடலாம்’ என்று மைக்கில் சொன்னது என் குரல். நீங்கள் அன்று என்னைப் பாராட்டினீர்கள், பள்ளிக்குச் செலவு மிச்சம் என்று.

2025 மே மாதம் சி.பி.எஸ்.இ. தன் பள்ளிகளுக்கு ‘சர்க்கரைப் பலகை’ வைக்கச் சொல்லிச் சுற்றறிக்கை விட்டது. நான்கு முதல் பத்து வயதுப் பிள்ளைகளுக்கு ஒரு நாள் கலோரியில் 13 சதவீதமும், பதினொன்று முதல் பதினெட்டு வரை 15 சதவீதமும் சர்க்கரையிலிருந்து வருகிறதாம். இருக்க வேண்டியது 5 சதவீதம். நல்ல விஷயம். ஒரு பள்ளியில் போய்ப் பார்த்தேன். பலகை அழகாக இருந்தது. ஒரு கூல்டிரிங்கில் எத்தனை ஸ்பூன் சர்க்கரை என்று பிள்ளைகளே கலர் பேப்பர் ஒட்டிச் செய்திருந்தார்கள். பலகைக்கு நேர் கீழே கண்ணாடிக் கதவு போட்ட ஃபிரிட்ஜ். உள்ளே அதே கூல்டிரிங்க். படித்துவிட்டு வாங்கலாம்.

ஏன் இப்படி என்று நான் வெகுநாள் யோசித்திருக்கிறேன். கேன்டீன்காரருக்குப் பேராசை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். கடைசியாக வேலை பார்த்த பள்ளியில் கேன்டீன் எடுத்திருந்தவர் எனக்கு நெருக்கம். தினமும் அவரிடம் டீ குடிப்பேன் (பஜ்ஜியும்தான், மறைப்பானேன்). ஒரு நாள் கேட்டேன்: “ஏன்ணே, ஒரு சுண்டல் போடக் கூடாதா?”

டீயை ஆற்றிக்கொண்டே கணக்குச் சொன்னார். சுண்டல் என்றால் முதல் நாள் ராத்திரியே ஊறப் போட வேண்டும். வேகவைக்க, தாளிக்க ஓர் ஆள். அந்த ஆளுக்குச் சம்பளம். அன்றைக்குத் திடீரென்று லீவு விட்டால் அண்டாவோடு கொட்ட வேண்டும். பப்ஸ் அப்படியா? பேக்கரிக்காரன் காலையில் தட்டில் அடுக்கிக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போவான், விற்காததைத் திருப்பி எடுத்துக்கொள்வான். சிப்ஸ் பாக்கெட் மூன்று மாதம் ஆனாலும் கெடாது. “சார், வருஷம் பத்து மாசம்தான் பள்ளிக்கூடம். அதுல பரீட்சை, லீவு போக எனக்கு வியாபாரம் நடக்குறது நூத்தி எண்பது நாள். வாடகை மட்டும் பன்னெண்டு மாசத்துக்கும் கட்டணும். போன வருஷத்தைவிட இந்த வருஷம் கூடக் கேட்டுத்தான் எடுத்திருக்கேன். இதுல சுண்டல் வித்து நான் எங்க போறது?”

கூடக் கேட்டு எடுத்திருக்கேன். அந்த வார்த்தைதான் எனக்கு விளக்கைப் போட்டது. கேன்டீனை நீங்கள் ஏலம் விடுகிறீர்கள். யார் அதிக வாடகை தருகிறாரோ அவருக்குக் கொடுக்கிறீர்கள். அந்த வாடகையை அவர் எடுக்க வேண்டியது பத்து வயதுப் பிள்ளைகளின் பாக்கெட்டிலிருந்து, தினம் இரண்டு இன்டர்வெல்லிலும் ஒரு மதிய இடைவேளையிலும். பிள்ளைகள் என்ன தின்ன வேண்டும் என்பது கேன்டீனில் முடிவாகவில்லை. மே மாதம் உங்கள் அலுவலகத்தில் அந்த ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும்போதே முடிவாகிவிடுகிறது.

அதனால் கேட்கிறேன்: அந்த வாடகையை விட்டுவிடுங்கள். மொத்தமாக. இடம், தண்ணீர், கரண்ட் இலவசம். பதிலுக்கு என்ன விற்பது என்பதை நாங்கள் சொல்வோம் என்று ஒப்பந்தம் போடுங்கள். வருடத்துக்கு அதில் உங்களுக்கு வருவது இரண்டு எல்.கே.ஜி. அட்மிஷன் காசு. (டொனேஷன் என்ற சொல்லை நான் எழுதவில்லை.) உங்கள் பள்ளிக் கணக்கில் அது ஒரு மூலை. கேன்டீன்காரருக்கு அதுதான் கழுத்து.

பிள்ளைகள் சுண்டல் வாங்க மாட்டார்கள் என்பீர்கள். இதையும் பார்த்திருக்கிறேன். மாவட்டப் போட்டிக்குப் பயிற்சி நடந்த ஒரு மாதம், மாலையில் சுண்டலும் அவித்த நிலக்கடலையும் விற்கச் சொல்லிக் கேன்டீன் அண்ணனைக் கெஞ்சி ஏற்பாடு செய்தேன். முதல் வாரம் பப்ஸ் தட்டும் பக்கத்திலேயே இருந்தது. சுண்டல் அப்படியே கிடந்தது, நானும் வாட்ச்மேனும்தான் தின்றோம். இரண்டாவது வாரம் பப்ஸ் தட்டை உள்ளே வைக்கச் சொன்னேன். இரண்டு நாள் முகத்தைச் சுளித்தார்கள். மூன்றாம் நாள் அண்டா காலி. கடைசியில் வந்தவன் கடலை இல்லை என்று என்னிடம் சண்டைக்கு வந்தான். நல்லதைக் கொண்டுவந்து கெட்டதற்குப் பக்கத்தில் வைத்தால் நல்லது தோற்கும். பெரியவர்களுக்கே அப்படித்தான், கல்யாண வீட்டில் என் இலையைப் பார்த்தால் தெரியும்.

தண்ணீரைப் பற்றியும் ஒரு வார்த்தை. மாடியில் கறுப்பு சின்டெக்ஸ் தொட்டி. ஏப்ரல் வெயிலில் குழாயைத் திறந்தால் டீ போடலாம். பி.டி. பீரியட் முடித்து வருகிற பிள்ளை அதில் வாய் வைத்துவிட்டு, நேராகக் கூல்டிரிங்குக்குப் போகிறது. 200 மில்லி கோலாவில் சர்க்கரை மட்டும் 20 கிராமுக்கு மேல், ஐந்து டீஸ்பூன். ஒரு நல்ல வாட்டர் கூலர் வைத்துப் பாருங்கள், அந்த வியாபாரம் பாதி படுத்துவிடும். ஆசிரியர் அறையில் இருக்கிறதே, அதே மாதிரி ஒன்று போதும்.

பி.டி. பீரியட் என்றதும் இன்னொன்று. வாரத்துக்கு இரண்டு. அதில் ஒன்றைக் கணக்கு சார் ‘போர்ஷன் முடியலை’ என்று வாங்கிக்கொள்வார். பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்புக்கு இரண்டுமே டைம் டேபிளில் மட்டும்தான். நான் முப்பத்தோரு வருடம் இதற்குச் சண்டை போட்டுத் தோற்றவன், இனிமேல் ஒன்றும் சொல்வதற்கில்லை.

ஆனால் வாசலில் கூடை வைத்திருந்த அந்த அம்மாவைப் பற்றிச் சொல்லாமல் முடிக்க முடியாது. நெல்லிக்காய், கொய்யா, சீசனில் இலந்தைப்பழம், நாவல்பழம், கொடுக்காப்புளி. கூறு இரண்டு ரூபாயில் தொடங்கி என் காலத்திலேயே பத்து ரூபாய்க்கு வந்துவிட்டது. 50 மீட்டர் விதியைக் காட்டி அவரை எழுப்பிவிட்டார்கள். சுத்தம் இல்லையாம். அந்த விதி சொல்வது கொழுப்பும் சர்க்கரையும் உப்பும் மிகுந்த பண்டத்தை. நெல்லிக்காயை அல்ல. அவரைத் துரத்திய அதே வாரம் கேன்டீனுக்குப் புது ஃபிரிட்ஜ் வந்தது, கூல்டிரிங்க் கம்பெனி பெயர் போட்டு, இலவசமாக.

அவர் இப்போது பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்திருக்கிறார். ஒரு கைகழுவும் குழாயும், ஈ மொய்க்காமல் மூட ஒரு கண்ணாடிப் பெட்டியும் கொடுத்து உள்ளே கூப்பிட்டால் வருவாரா என்று கேட்டுப் பார்த்தேன். “கூப்பிட்டா வர மாட்டேனா சார்” என்றார்.

இந்த வருட ஒப்பந்தம் மே மாதம்தான் முடியும் என்று நினைக்கிறேன். அதற்குள் ஒரே ஒரு நாள், பத்தே முக்கால் மணிக்கு உங்கள் அறையை விட்டு இறங்கி வந்து கேன்டீன் ஜன்னல் பக்கத்தில் நில்லுங்கள். முன்கூட்டிச் சொல்லாதீர்கள், சொன்னால் அன்றைக்கு மட்டும் வாழைப்பழம் தொங்கும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியர் ஒருவர்