வீட்டுல உள்ளவங்க சொன்னா கேளுங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன வாரம் உங்க பேப்பர்ல அமெரிக்காவோட ரெட் ஃப்ளாக் துப்பாக்கி சட்டத்தைப் பத்தி வந்த கட்டுரைய படிச்சேன், கடைசியில இது தென்னாப்பிரிக்காவுக்கு சம்பந்தமில்லாத சண்டைன்னு எழுதி முடிச்சிருந்தாங்க, அத படிச்சதுல இருந்து மனசே சரியில்ல, அதான் இந்த லெட்டர். நான் டர்பன் சாட்ஸ்வர்த்துல பொறந்து வளந்தவ. இங்க செவப்புக் கொடின்னா பக்கத்து வீட்டு வாசல்ல நட்டிருக்கிற அனுமார் கொடிதான் ஞாபகம் வரும். ஆனா அந்த சட்டம் பேசுற விஷயம் எங்க குடும்பத்துலயே நடந்துச்சு.

ஒருத்தர்கிட்ட துப்பாக்கி இருக்கு, தன்னையோ மத்தவங்களையோ சுட்டுருவாருன்னு பயப்பட காரணமும் இருக்கு, ஆனா இன்னும் அவர் ஒரு குத்தமும் பண்ணல. அப்போ ஜட்ஜ்கிட்ட போய் கொஞ்ச காலத்துக்கு அந்த துப்பாக்கிய வாங்கி வைக்க சொல்றதுதான் ரெட் ஃப்ளாக். 1999ல கனெக்டிகட்ல ஆரம்பிச்சது. 2018ல ஃப்ளோரிடாவுல பார்க்லேண்ட் ஸ்கூல்ல 17 பேர் செத்ததும் அங்கயும் வந்துச்சு, இப்போ 20க்கு மேல மாநிலங்கள்ல இருக்கு. சண்டை பெரும்பாலும் யார் போய் கேக்கலாம்ங்கிறதுலதான். ஃப்ளோரிடாவுல போலீஸ் மட்டும்தான் கேக்கலாம், கலிஃபோர்னியாவுல குடும்பம் மட்டுமில்ல கூட வேல செய்றவங்க, டீச்சர் கூட கேக்கலாம். எதிர்க்கிறவங்க, ஆள விசாரிக்காமலே மொத ஆர்டர் போட்டுடறாங்க, பழி வாங்க பொய் புகார் கொடுத்தா என்ன பண்றதுன்னு கேக்குறாங்க. நியாயமான கேள்விதான், அதுக்குத்தான் கொஞ்ச நாள்லயே ரெண்டு பக்கத்தையும் கூப்ட்டு விசாரிக்கணும்னு சட்டத்துலயே வச்சிருக்காங்க.

மெய்ன் மாநிலத்து கதைதான் என்னைய ரொம்ப உலுக்குச்சு. 2023 அக்டோபர்ல லூயிஸ்டன்ல ஒரு ராணுவ ரிசர்வ் ஆள் 18 பேர சுட்டுக் கொன்னான். அவனோட முன்னாள் மனைவியும் மகனும் அந்த மே மாசமே போலீஸ்கிட்ட போய் இவன் மனசு சரியில்ல கையில துப்பாக்கிங்க இருக்குன்னு சொல்லிட்டாங்க. அஞ்சு மாசம் முன்னாடியே! அங்க அப்போ இருந்த சட்டப்படி போலீஸ் மொதல்ல ஆள காவல்ல எடுக்கணும், அப்புறம் டாக்டர் பாக்கணும், அப்புறம்தான் ஜட்ஜ், குடும்பம் நேரா கோர்ட்டுக்கு போக வழியே இல்ல. 2025 நவம்பர்ல அந்த மாநிலத்து ஜனங்க ஓட்டு போட்டு அத மாத்திட்டாங்க, இனிமே குடும்பமே போய் கேக்கலாம்.

இப்போ நம்ம நாட்டுக்கு வரேன். எங்க பெரிப்பா டீ ரூம்னு சொல்ற சின்னக் கடை வச்சிருந்தவர், கடையில ரெண்டு தடவ கொள்ளை போனதுக்கப்புறம் லைசென்ஸ் எடுத்து ஒரு பிஸ்டல் வாங்கினாரு, அதுல நான் தப்பு சொல்ல மாட்டேன், இங்க 2022-23ல ஒரே வருஷத்துல 27,000 பேருக்கு மேல கொல செய்யப்பட்டாங்க, பயப்படறவங்கள எப்படி குத்தம் சொல்றது. ஆனா கடைய மூடினதும் அவர் கேன்ங்கிற சாராய பாட்டில கையில எடுத்தாரு. ராத்திரியானா சேஃப்ல இருந்து பிஸ்டல எடுத்து சாப்பாட்டு மேஜ மேல வைப்பாரு, பெரிம்மாவ பாத்து "ஒரு நாளைக்கு உங்க எல்லாரையும் முடிச்சிட்டு நானும் போயிடறேன்டி"ம்பாரு. பெரிம்மா அந்த மேஜையில சோறு போட்டுக்கிட்டே இருந்தாங்க. எத்தன மாசம் தெரியுமா, எட்டு மாசம். எங்க சொந்தத்துல பெரியவங்க எல்லாருக்கும் தெரியும், வெளிய சொன்னா மானம் போயிடும், புரட்டாசி விரதம் வந்தா நிறுத்திடுவாருன்னு சொல்லி சொல்லியே நாள கடத்தினாங்க. நானும் சும்மா இருந்தவதான்.

ஒரு நாள் பெரிம்மாவ கூட்டிட்டு நானே போலீஸ் ஸ்டேஷனுக்கு போனேன். இது குடும்ப விஷயம், வீட்டுல பேசி தீத்துக்கோங்க, அவர் இன்னும் ஒண்ணும் பண்ணலயேன்னு அனுப்பிட்டாங்க. சரி நாமளே எடுத்து ஒளிச்சு வச்சிடலாம்னு அண்ணன் சொன்னாரு, அப்புறம்தான் தெரிஞ்ச வக்கீல் ஒருத்தர் தடுத்தாரு, அடுத்தவங்க துப்பாக்கிய லைசென்ஸ் இல்லாம வச்சிருந்தா நீங்கதான் உள்ள போவீங்கன்னு. அவர்தான் நம்ம சட்டத்துல ஏற்கனவே என்ன இருக்குன்னு எங்களுக்கு எடுத்துச் சொன்னாரு.

நம்ம குடும்ப வன்முறை சட்டம் 1998லயே வந்துடுச்சு. அதோட 9ஆவது பிரிவுல, ஒருத்தர் தன்னையோ குடும்பத்துல ஒருத்தரையோ கொல்லப்போறேன்னு மிரட்டினதா கோர்ட்டுக்கு தெரிஞ்சா, இல்ல குடி, போதை, மனநிலை, முரட்டு சுபாவம் இதுனால ஆபத்துன்னு பட்டா, துப்பாக்கிய பறிமுதல் பண்ண ஆர்டர் போட்டே ஆகணும்னு இருக்கு. 2000ஆம் வருஷத்து துப்பாக்கி சட்டத்துல 102ஆவது பிரிவும் இருக்கு, சுட்டுடுவேன்னு சொன்னவர, குடிக்கு அடிமையானவர கூப்ட்டு விசாரிச்சு துப்பாக்கி வைக்க தகுதியில்லன்னு அறிவிக்கலாம், அதுக்கப்புறம் அஞ்சு வருஷம் கழிச்சுதான் திரும்ப கேக்க முடியும். அமெரிக்காவுல பெரும்பாலும் ஒரு வருஷம்தான். அவங்க அடிச்சுக்கிற விஷயம் நம்ம கையில இத்தன வருஷமா இருக்கு, அந்த ஸ்டேஷன்ல மேஜைக்கு பின்னாடி உக்காந்திருந்தவருக்கு தெரியல, இல்ல தெரிஞ்சும் சொல்லல. எனக்கு இன்னும் அந்த கோவம் அடங்கல.

மாஜிஸ்ட்ரேட் கோர்ட்டுக்கு போனோம். பெரிம்மா கை நடுங்கி எழுத முடியல, நான்தான் எழுதினேன், அவங்க சொன்ன அதே வார்த்தைய. அன்னைக்கே தற்காலிக ஆர்டர் கிடச்சுது, சாயங்காலம் போலீஸ் வந்து பிஸ்டலையும் தோட்டாவையும் எழுதி வாங்கிட்டு போனாங்க. பெரிப்பா ஏழு மாசம் பெரிம்மாகூட பேசல. இன்னைக்கும் அவமானப்படுத்திட்டான்னு சொல்லுவாரு. சொல்லட்டும்ங்க, சொல்றதுக்கு அவர் இருக்காரு, கேக்க பெரிம்மா இருக்காங்க. கனெக்டிகட் சட்டத்த ஆராய்ச்சி பண்ணவங்க, துப்பாக்கிய வாங்கி வச்ச 10லேர்ந்து 20 கேஸுக்கு ஒரு தற்கொலை தடுத்திருக்குன்னு கணக்கு சொல்றாங்க, அந்த ஒண்ணு எங்க வீடாவும் இருந்திருக்கலாம்.

2021ல தற்காப்புக்கு துப்பாக்கி லைசென்ஸே கிடையாதுன்னு ஒரு வரைவு சட்டம் போட்டாங்களே, அத நானும் எதிர்த்தவதான், அதே வருஷம் ஜூலை கலவரத்துல நம்ம டர்பன் பத்தி எரிஞ்சப்போ ராத்திரி பூரா முழிச்சு உக்காந்திருந்தது மறக்காது. எல்லார்கிட்டயும் பிடுங்கணும்னு நான் கேக்கல. வாங்கின துப்பாக்கி போலீஸ்கிட்டயே பத்திரமா இருக்குமான்னு கேக்குறவங்களுக்கும் என்கிட்ட சுலபமான பதில் இல்ல, போலீஸ் சேமிப்புல இருந்த துப்பாக்கிங்கள கேங்குகளுக்கு வித்ததுக்காக ஒரு முன்னாள் போலீஸ் கர்னலுக்கு 2016ல 18 வருஷம் ஜெயில் கொடுத்தாங்க. அதனால வாங்குற ஒவ்வொண்ணுக்கும் நம்பர் போட்ட ரசீது குடும்பத்துக்கு கொடுக்கணும், கேட்டு வாங்குங்க. ஆனா சட்டம் உயிர காப்பாத்தும்ங்கிறதுல எனக்கு சந்தேகமில்ல, நம்ம 5 நகரங்கள்ல 2001லேர்ந்து 2005 வரைக்கும் துப்பாக்கி சட்டத்தால 4500க்கு மேல உயிர் தப்பிச்சிருக்கும்னு ஒரு ஆராய்ச்சி வந்திருக்கு.

இங்க விரிவாக்க வேண்டியது ஒண்ணு இருக்கு. குடும்ப டாக்டர் சொன்னாலும், கோயில் கமிட்டி பெரியவங்க சொன்னாலும் ஸ்டேஷன்ல எழுதி வாங்கியே ஆகணும், ஒண்ணும் பண்ணலயேன்னு திருப்பி அனுப்பக் கூடாது. அதோட லைசென்ஸ் புதுப்பிக்கும்போது வீட்டுல உள்ளவங்கள தனியா, அவர் பக்கத்துல இல்லாம, விசாரிக்கணும்.

உங்ககிட்ட ஒரு வேண்டுகோள் ஆசிரியரே. நம்ம ஏரியாவுல தமிழ் மட்டும் படிக்கிற ஆயாமாரு, பெரிம்மாமாரு இன்னும் இருக்காங்க, அவங்க உங்க பேப்பர மூலைக்கு மூல படிப்பாங்க. ப்ரொட்டெக்ஷன் ஆர்டர், அதாவது கோர்ட் கொடுக்குற பாதுகாப்பு உத்தரவு, கேக்குற பாரத்த ஒரு வாரம் தமிழ்ல விளக்கி போடுங்க, காசு கட்டத் தேவையில்லன்னும், துப்பாக்கிய பறிமுதல் பண்ண சொல்லி எங்க எழுதணும்னும் படத்தோட காட்டுங்க. எழுதித் தர ஆள் இல்லாட்டி கோர்ட் கிளார்க்கே உதவி பண்ணணும்ங்கிறதையும் பெரிய எழுத்துல போடுங்க.

இப்படிக்கு,
சாட்ஸ்வர்த் வாசகி, டர்பன்