தூணுக்கு விலை வைக்கும் முன்: மோட் செய்யும் தம்பிக்கு ஒரு கடிதம்

அன்புள்ள தம்பிக்கு,

காரைக்குடியிலிருந்து அண்ணன் எழுதுகிறேன். சிம்ஸ் 4 என்ற கணினி விளையாட்டுக்கு மோடாக, அதாவது விளையாடுபவர்களே செய்து சேர்க்கும் கூடுதல் பாகமாக, நீ செய்து அனுப்பிய செட்டிநாட்டு வீட்டை நேற்று இரவு நெடுநேரம் சுற்றிப் பார்த்தேன். முகப்பைக் கடந்து வளவுக்குள் நுழைந்ததும், தரையில் பதித்த ஆத்தங்குடிக் கல் ஒன்றில் பூவிதழின் சிவப்பு, கோட்டை மீறி மஞ்சளுக்குள் சற்றே கசிந்திருப்பது கண்ணில் பட்டது. கண்ணாடியின் மேல் அச்சை வைத்துக் கையால் சாயம் ஊற்றுபவர்களின் வேலையில் மட்டுமே வரும் கசிவு அது. அதையும் விடாமல் கொண்டுவந்திருக்கிறாய்.

இதற்கு இருநூறு ரூபாய் விலை வைக்கலாமா என்று கேட்டிருந்தாய். உழைப்புக்குக் கூலி கேட்பதில் தவறே இல்லை என்பதுதான் என் எண்ணம். வீட்டு வரைபடம் வரைந்து பிழைக்கும் எனக்கு, ‘கம்ப்யூட்டரில்தானே செய்கிறீர்கள்’ என்று சொல்லிக் கூலியைக் குறைப்பவர்களைப் பார்த்துப் பார்த்து மனம் புண்பட்டிருக்கிறது. ஆனாலும் பட்டாலைத் தூண்கள் என்னைத் தயங்க வைக்கின்றன. அவற்றின் மெஷ், அதாவது முப்பரிமாண வடிவம், வெளிநாட்டில் இருக்கும் ஒருவர் எல்லோருக்கும் இலவசமாகக் கொடுத்தது என்று நீயே சொன்னாய். மேலே தேக்கின் நிறத்தை ஏற்றியது மட்டுமே உன் வேலை. சும்மா கிடைத்ததை வாங்கி, கொடுத்தவரிடம் ஒரு வார்த்தை கேட்காமல் அதன் மேல் நாம் விலை எழுதுவது முறையாகாது.

இதே சிக்கல் 2015 ஏப்ரலில் பெரிதாக வெடித்தது. ஸ்கைரிம் விளையாட்டின் மோட்களைக் காசுக்கு விற்க ஸ்டீம் என்ற தன் விளையாட்டு விற்பனைத் தளத்தில் வால்வ் நிறுவனம் வழி திறந்தபோது, விற்ற பணத்தில் மோட் செய்தவருக்குக் கிடைத்தது 25 சதவீதம். வால்வ் 30, ஸ்கைரிமை வெளியிட்ட பெதெஸ்டா 45 எடுத்துக்கொண்டன. பங்கு குறைவு என்ற கோபம் ஒருபுறம் இருக்க, மீன்பிடிக்கும் மோட் ஒன்றில் வேறொருவர் இலவசமாகக் கொடுத்த அனிமேஷன் வேலை கலந்திருந்தது தெரியவந்து, அது விற்பனையிலிருந்து எடுக்கப்பட்டது. நான்கே நாளில் திட்டமே கைவிடப்பட்டு, வாங்கியவர்களுக்குப் பணம் திரும்பியது. அந்தப் பங்குக் கணக்கைப் பற்றி இன்றும் பேசுகிறார்கள். எனக்கோ அதைவிட அந்த மீன்பிடி மோட்டின் கதைதான் பெரிதாகத் தோன்றுகிறது. ஒரு மோட்டுக்குள் எத்தனை பேருடைய கை இருக்கிறது என்பது, விலை என்ற ஒன்று வரும் வரை யாருக்கும் தெரிவதில்லை.

இன்னொன்றும் உண்டு. சிம்ஸ் 4 மோட்களை விற்கக்கூடாது என்று அந்த விளையாட்டை வெளியிடும் இஏ நிறுவனம் 2022-இல் கொள்கையாகவே அறிவித்தது. நன்கொடை பெறலாம், ஆதரிப்பவர்களுக்குச் சில காலம் முன்னதாகக் கொடுக்கலாம், ஆனால் அந்தக் காலம் முடிந்ததும் எல்லோருக்கும் இலவசமாகத் திறந்துவிட வேண்டும். வீடு உன்னுடையது, அது நிற்கும் மனை அவர்களுடையது என்பதால் இந்த விதியில் எனக்கு வருத்தம் இல்லை. முன்கூட்டியே பெறும் இரண்டு வாரத்துக்காக இருநூறு ரூபாய் கொடுக்க மனமுள்ளவர்கள் இருப்பார்கள். அதை நீ கூச்சமில்லாமல் வாங்கிக்கொள். ஆனால் காசு வாங்கிய பிறகு, விளையாட்டுக்கு அடுத்த பேட்ச், அதாவது திருத்தம், வந்து ஏதாவது கதவு திறக்காமல் போனால், தேர்வு நேரமாக இருந்தாலும் உட்கார்ந்து சரிசெய்ய வேண்டியவன் நீதான். இலவசமாகக் கொடுத்தபோது இல்லாத பொறுப்பு அது. அதை ஏற்க மனம் இல்லையென்றால் நன்கொடையோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

ஆகவே முதலில் அந்தத் தூண் செய்தவருக்கு எழுது. இப்போது நீ நினைத்திருக்கும் வழியை முழுவதும் சொல்லி, சம்மதமா, பங்கு வேண்டுமா, பெயர் போட்டால் போதுமா என்று கேள். மறுத்தால் வருந்தாதே, தூணை நாமே செய்வோம். ஞாயிற்றுக்கிழமை கானாடுகாத்தான் போகிறேன். நமக்குத் தெரிந்த வீட்டில் அனுமதி கேட்டு, பர்மா தேக்குத் தூண் ஒன்றை அடிப்பீடம் முதல் போதிகை வரை அளந்து, நான்கு பக்கமும் படம் எடுத்து அனுப்புகிறேன்.

அன்புடன்,
அண்ணன்